அம்மா சொன்ன மாதம்

சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டத்தின் முதல் வகுப்பை நாயகி மேடம் எல்லா வருடமும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். "மே, ஜூன்ல பொறந்தவங்க எல்லாம் எழுந்திரிங்க." பாதி வகுப்பு எழுந்து நிற்கும். "உங்க அம்மாவும் அதே மாசம்தான் சொல்றாங்களா? இல்லன்னா உக்காந்துடுங்க." ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, வயது சரியாக வரும்படி தலைமை ஆசிரியர் தானாகவே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட கதை நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. "கையில இருக்குற சர்டிபிகேட்டு சாட்சியா, உங்க அம்மா சாட்சியா? இந்த வருஷம் பூரா அதான் பாடம்" என்பார். நான் பின்வரிசையில் அவருடைய புத்தகப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. அவருடைய குமாஸ்தா. பெயர் கொளஞ்சி. பள்ளிச் சான்றிதழ்படி நானும் ஜூன் ஒன்றாம் தேதிக்காரன். என் அம்மாவைக் கேட்டால் தை மாதம் கரும்பு வெட்டும்போது பிறந்தவன். இருபத்தாறு வருடமாக அவரிடம் இருக்கிறேன். அதில் பாதிக்காலம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஊரில் வேறு யாரும் அவரைப் பற்றி எழுதப் போவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். புகழ்ந்து மட்டும் எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முழுப்பெயர் தையல்நாயகி. அப்பா மில் தொழிலாளி. மில்லில் நடந்த ஒரு நீண்ட வேலைநிறுத்தத்தின்போது சங்கத்துக்காக வாதாடிய வக்கீலைப் பார்க்க அப்பாவோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வக்கீல் பேசியது ஒன்றும் புரியவில்லையாம். அவர் பேசும்போது முதலாளி பக்கத்து ஆட்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் பிடித்துப் போயிற்றாம். அப்படித்தான் வக்கீல் ஆனார்.

எங்கள் ஆபீஸ் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், மாடியில் இரண்டு அறை. கீழே மீன் ஏலம் போடுகிற சத்தம் காலையில் பத்து மணி வரைக்கும் ஓயாது. சென்னை ஹைகோர்ட்டில் எங்கள் வழக்குக் கட்டைக் கையில் வாங்குகிற கிளார்க்குகள், "பாண்டிச்சேரி வந்திடுச்சுப்பா" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் எத்தனையோ முறை வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற கட்சிக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, மார்க்கெட் என்றால் போதும் என்பார். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர்கள். அது தொடங்கியது தற்செயலாகத்தான். முகாமிலிருந்து அனுமதி இல்லாமல் வெளியே போய் வீராம்பட்டினத்தில் படகில் வேலை செய்தான் என்று ஒருவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வேறு வழக்குக்காக வந்திருந்த மேடம் அவனுக்காக எழுந்து நின்று பேசினார். ஜாமீன் கிடைத்தது. அடுத்த வாரம் முகாமிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் நிற்கவில்லை.

கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் வேலை ஒருமுறை வீடு தேடி வந்தது. எடுத்துக்கொண்டால் கோர்ட்டில் வாதாட முடியாது என்பது விதி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை பகுதிநேரமாகவே பாடம் எடுத்தார். மாணவர்களுக்கும் ஊருக்கும் அவர் பேராசிரியர்தான். சம்பளம் கொடுக்கிற இடத்தில் மட்டும் இல்லை.

சட்டத்தை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த நாட்டில் பிறந்தவர், அகதியின் பிள்ளையாக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் அக்கா இந்தியராகவும் ஒன்றரை வயது இளைய தம்பி அகதியாகவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முகாமில் பிறந்த பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இருப்பது தலைமை ஆசிரியர் போட்ட தேதி.

மேடத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு தச்சரின் வழக்கு. ஏழு வயதில் பள்ளியில் சேர்த்தவரை ஐந்து வயது என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் 1986-ல் பிறந்தவர், காகிதத்தில் 1988. மேடம் அவருடைய அம்மாவை உட்காரவைத்துப் பிரசவ நாளை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். மழை பெய்ததா, யார் கூட இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள், அந்த வாரம் முகாமில் யார் செத்தது. சொன்னதையெல்லாம் அலைந்து திரிந்து சரிபார்த்து, பள்ளிச் சான்றிதழைவிடப் பெற்றவளின் நேரடி வாக்கு பெரிது என்று ஹைகோர்ட்டில் தீர்ப்பு வாங்கினார். அதிலிருந்து அதுவே அவர் வழிமுறை ஆயிற்று. காகிதம் எப்படி இருந்தாலும் முதலில் அம்மா வர வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல, நீளமான நோட்டில், அம்மாவின் வார்த்தையிலேயே, மேடம் தன் கையால் எழுதுவார். கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது. கீழே அம்மா கைநாட்டு, பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து. அப்படி நாற்பத்தோரு நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன.

வழக்கில் ஜெயித்தவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. அதில் தப்பும் இல்லை. குணமானவர் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வரப் போகிறார்? பாஸ்போர்ட் கையில் கிடைத்ததும் சிலர் வெளிநாட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு ஸ்வீட் பாக்ஸ் வரும், அதோடு முடிந்தது. அதை நான்தான் தின்பேன், மேடத்துக்குச் சர்க்கரை வியாதி.

அவர் வீடும் அப்படித்தான் காலியாயிற்று. கணவர் பலராமனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. 2001-ல் பலராமன் மகள் சரிதாவைப் படிக்கவைக்க என்று பிரான்ஸுக்குக் கிளம்பினார். மேடமும் போயிருக்கலாம், மனைவி என்று ஒரு மனு கொடுத்தால் போதும். "பதினேழு கேஸு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றார். பதினேழு முடிந்தபோது முப்பது இருந்தது. அங்கே பலராமன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி மேடம் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். "காத்திருக்கச் சொல்லி நான் தேதி போட்டுக் குடுக்கல, கொளஞ்சி" என்றார்.

கருவடிக்குப்பத்தில் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சரிதா போனில் முகம் காட்டிப் பேசுவாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அன்று சாயங்காலம் தவறாமல் எனக்கு போன் வரும். "கொளஞ்சி, அந்த 2011 கட்டு ஒன்னு இருந்துச்சே, எங்க வச்ச?" அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நானும் யோசித்துச் சொல்வதுபோல் பத்து நிமிடம் இழுப்பேன்.

இனிமேல் வருகிறவர்களின் பெயர்கள் நான் வைத்தவை. மாதத்தையும் பண்டிகையையும்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் தேட வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் துர்கா வந்தாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அப்பா இல்லை; அவளும் அம்மாவும் மட்டும் முகாமில். மாதத்துக்கு இரண்டு முறை முகாமில் செக்கிங் நடக்கும். அதிகாரி பெயர் கூப்பிடும்போது நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

"தியேட்டர்ல ஆபரேஷன் நடக்கும்போது கிளவுஸக் கழட்டிப் போட்டுட்டு ஓடியிருக்கேன் மேடம். முப்பத்திநாலு வயசாவுது. இன்னும் ஸ்கூல் புள்ள மாதிரி உள்ளேன் ஐயான்னுட்டு நிக்கிறேன். எனக்கு வேற ஒன்னும் வேணாம். அந்த லைன்ல இனிமே நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

சான்றிதழைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 1-6-1987. எல்லைக்கு ஒரு மாதம் முன்னால். இந்த ஒரு தடவை தலைமை ஆசிரியர் நம் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மனு தட்ட இரண்டு மணி நேரம் போதும். மேடம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாவ அனுப்பு" என்றார்.

"இதுக்கு எதுக்கு மேடம் அம்மா?" என்றேன்.

"எல்லாருக்கும் எதுக்கோ, அதுக்குத்தான்."

துர்காவுக்கு அன்று டியூட்டி. அம்மா ராசம்மா தனியாக பஸ் பிடித்து வந்தார். மெலிந்த உடம்பு, இருமல். பெற்ற கதையைச் சொல்லச் சொன்னதும் முகம் அப்படி ஒரு மலர்ச்சி. இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அது எப்பிடியம்மா மறக்கும்? ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் எண்டு ரேடியோவில சொன்னாங்கள் பாருங்கோ, அண்டைக்கு முகாமில எல்லாருக்கும் கற்கண்டு குடுத்தவை. இனிச் சண்டை இல்லை, ஊருக்குப் போகலாம் எண்டு எல்லாரும் துணி மூட்டை கட்டினம். நான் மட்டும் கட்டேல்ல. இவள் எட்டு மாசம் வயித்துக்க. இவளைப் பெத்துப்போட்டுத்தான் கப்பல் ஏறுவன் எண்டு சொன்னனான்."

ஒப்பந்தம் ஜூலை 29. எனக்கே தெரிந்த தேதி. மேடத்தின் பேனா நிற்கவில்லை, எழுதிக்கொண்டே போனார்.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பொம்மையை ஏரியில் கரைத்த மறுநாள் வலி எடுத்தது. முகாமில் வண்டி இல்லை. புல் அறுக்க வந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவள்தான் கொடி அறுத்தாள். ராசம்மாவுக்கு மூன்று நாள் பால் சுரக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. காலையும் மாலையும் வந்து துர்காவுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனாள். நாலாம் நாளிலிருந்து வரவில்லை. கொஞ்ச நாளில் இவர்களை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் பெயரைச் சொல்லி, "அவ பேரை வடிவா எழுதுங்கோ அம்மா" என்றார் ராசம்மா. மேடம் எழுதினார். ராசம்மா கைநாட்டு வைத்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் மேடம் மூடிய நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் துர்கா வந்தாள். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"உன் சர்டிபிகேட்ல இருக்குற தேதி பொய்ம்மா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அபிடவிட்ல அத எழுத என்னால முடியாது. வேற வழியில மனு குடுக்கலாம். பத்து வருஷம் ஆவலாம். கெடைக்கும்னும் சொல்ல முடியாது."

"நீங்க கேட்டதாலதான மேடம் தெரிஞ்சுது? யாரு உங்களக் கேக்கச் சொன்னது?"

மேடம் நோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"யாரோ ஒரு எட்மாஸ்டரு. எம்மூஞ்சிகூட அவருக்கு ஞாபகம் இருக்காது. தெரியாமயே எனக்கு ஒரே ஒரு நல்லது பண்ணியிருக்காரு. அதையும் நீங்க புடுங்கிக்கிறீங்க."

தன் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். படியில் இறங்கும்போது அழுதாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

"ஊர்ல பாதிப் பேரு பொய்த் தேதியிலதான் வேல பாத்து ரிட்டயர் ஆவுறான். நான் பொய், நீங்க பொய். அந்தப் பொண்ணு மட்டும் அரிச்சந்திரனா இருக்கணுமா?"

"கத்தாத, கொளஞ்சி. இத்தன வருஷமா அம்மா சொல்றதத்தான் நம்பணும்னு கோர்ட்டு கோர்ட்டாப் போய்ச் சொல்லிட்டு வரேன். இந்த ஒரு அம்மாவ மட்டும் நம்பாதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ஒரு வாரம் வேலையைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் அவரிடம் பேச உலகத்தில் வேறு யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

துர்கா வேறு ஒரு வக்கீலிடம் போனாள். அவர் அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை, மனு போட்டுவிட்டார். ஆனால் அரசுத் தரப்பு மேடத்தின் பழைய தீர்ப்பையே எடுத்து நீட்டியது: பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது, தாய் சத்தியம் செய்து சொல்லட்டும். தன் தீர்ப்பு அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிறாகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று மேடம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. ராசம்மா ஜூன் ஒன்றாம் தேதி பெற்றேன் என்று பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்.

அந்தச் சமயத்தில் அரசுத் தரப்பு ஆபீஸிலிருந்து ஒருவர் மாடி ஏறி வந்தார். மேடத்திடம் படித்தவர்தான். அதையும் இதையும் பேசிவிட்டு, "அந்தப் பொண்ணு மொதல்ல உங்ககிட்டதான் வந்துச்சாமே மேடம்? அம்மா சொன்னத நோட்டுல எழுதியிருப்பீங்களே" என்றார்.

"என் நோட்டு என்கிட்ட வந்தவங்களோடது. டீ குடிச்சிட்டுக் கெளம்புப்பா" என்றார் மேடம்.

துர்கா ஜெயித்தாள். எங்களுக்கு அது பத்து நாள் கழித்து மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. முகாமிலிருந்து ஆட்கள் வருவது அதோடு நின்றுபோயிற்று. அந்த வக்கீலம்மா நோண்டி நோண்டிக் கேக்கும், காரியத்தைக் கெடுத்துடும் என்று பேச்சு பரவிவிட்டது. முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பெயர் ஒரு மழைக்காலத்துக்குள் போய்விட்டது. அந்த வருடம் கல்லூரியில் முதல் வகுப்பில் மேடம் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நேராகப் புத்தகத்தைத் திறந்து முதல் பிரிவை வாசித்தார். வருடம் முடிந்ததும் வகுப்பெடுப்பதை விட்டுவிட்டார். காலையில் வந்து ஆபீஸைத் திறப்போம், பேப்பர் படிப்போம், மீன் ஏலத்தைக் கேட்போம், பூட்டிக்கொண்டு போவோம். என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை, அவரிடம் கற்றதுதான்.

போன தை மாதம் ஒருநாள் துர்கா படியேறி வந்தாள். அடையாளமே தெரியவில்லை. ராசம்மா மார்கழியில் இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

"வருஷா வருஷம் அந்த நாளுல அம்மா நான் பொறந்த கதைய ஆரம்பிப்பா மேடம். நான் காதே குடுக்க மாட்டேன், சும்மா இரும்மான்னு எழுந்து போய்டுவேன். கோர்ட்டுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தப்புறம் அவ வாயே தொறக்கல. நானாக் கேட்டாக்கூட, சத்தியம் பண்ணிட்டன் பிள்ளை, இனி அதுதான் உண்மைன்னுட்டா. சாவும்போது மட்டும், எனக்குப் பால் குடுத்தாளே ஒருத்தி, அவள ஒரு தடவ போய்ப் பாருன்னு சொன்னா. பேரச் சொல்றதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. நீங்க எழுதுனீங்களாமே. அந்தப் பக்கத்தக் குடுங்க மேடம். படிச்சிட்டுக் குடுத்துடறேன்."

நான் சாவியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனேன்.

"போவாத, கொளஞ்சி" என்றார் மேடம். "அது இல்ல."

அரசுத் தரப்பு ஆள் வந்துபோன அன்று, நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அந்தப் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்து, வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டிருக்கிறார். சாட்சியத்தை அழிப்பது குற்றம் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவர். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

"உண்மைய மறைக்க மாட்டேன்னு சொன்னீங்களே மேடம்" என்றாள் துர்கா.

"தெரிஞ்சே பொய்ய நான் கோர்ட்ல எழுத மாட்டேன்னு சொன்னேன். உன்னக் காட்டிக் குடுப்பேன்னு சொல்லலியே."

துர்கா குனிந்துகொண்டாள். மேடம் தன் ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கற்கண்டு, துணி மூட்டை, ஏரியில் கரைத்த பிள்ளையார், வேலி தாண்டி வந்தவள். ராசம்மா சொன்ன வரிசையிலேயே, கிட்டத்தட்ட ராசம்மாவின் வார்த்தையிலேயே வந்தது. பால் கொடுத்தவளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான், எனக்கும் வரவில்லை. ஊர்ப்பக்கத்துச் சாதாரணப் பெயர் என்பது மட்டும்தான் தெரிந்தது. துர்கா பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை.

"அவளுக்குன்னு செஞ்சேன். அவ அம்மா குடுத்துட்டுப் போன ஒரே சொத்த எரிச்சிருக்கேன்" என்றார் மேடம். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாங்கள் திண்டிவனம் பஸ் ஏறினோம். துர்கா பிறந்தபோது ராசம்மா இருந்த முகாம் அந்தப் பக்கம்தான்; அது இப்போது இல்லை. சுற்றி நாலு ஊர்கள் இருக்கின்றன. துர்காவின் பெயரையும் உண்மையான மாதத்தையும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டோம். மாதம் வெளியே தெரிந்தால் அவள் குடியுரிமைக்கே வேட்டு. ஆகவே, எண்பத்தேழில் கேம்ப்புக் குழந்தைக்குப் பால் கொடுத்தவர் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அலைந்தோம். வெயிலில் அறுபத்திரண்டு வயதுக்காரர், கையில் குடை. ஜனங்களுக்கு வக்கீல் களை தெரிந்துவிடுகிறது. "இன்னாம்மா, கேஸா? எங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்று கதவைச் சாத்தினார்கள். மூன்று ஊரில் மூன்று சனிக்கிழமை இப்படியே போயிற்று.

நாலாவது ஊரில் ஒரு அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"கேம்ப்புப் புள்ளைக்கா? நாங்கூட ஒன்னுக்குக் குடுத்தேன். நீங்க தேடுற புள்ள எந்த மாசம் பொறந்துச்சு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வைகாசி நடுவுல" என்றார்.

"அப்ப அது நானில்லம்மா." அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். "நான் குடுத்தது ஆவணியில. ஏரியில புள்ளையாரு கரைச்ச மறுநாளு. பொட்டப்புள்ள. மூணு நாளு குடுத்தேன். அப்புறம் எம்புள்ளைக்குக் காச்சல் கண்டுச்சு, போவ முடியல. அதுக்குள்ள அவுங்களை லாரியில ஏத்திட்டாங்க. அது பொழச்சுதோ இல்லியோன்னு ரொம்ப நாளு நெனச்சுட்டு இருந்தேன்."

பொழச்சிடுச்சும்மா என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"சின்னப்பாப்பா."

கேட்ட நொடியில் அந்தப் பக்கமும் மேடத்தின் எழுத்தும் எனக்குக் கண்முன்னே வந்தன. மேடம் தலையை ஆட்டினார். வேறு ஒருவரைத் தேடி வந்தவர்போல, அடுத்த தெருவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி கேட்டார். சின்னப்பாப்பா கையை நீட்டி வழி காட்டினார். வெயிலாயிருக்குது, மோர் குடிச்சிட்டுப் போங்க என்றார். குடித்தோம்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மேடம் சொன்னார்: "துர்காவுக்கு நீ போன் பண்ணு. பேரும் ஊரும் மட்டும் சொல்லு. வந்தா, கிட்ட உக்காந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போவட்டும். யாருன்னு சொல்லக் கூடாது."

"நீங்களே பேசுங்களேன் மேடம். சந்தோஷப்படுவா."

"இல்ல, நீ பேசு. அந்தம்மா மூஞ்சியப் பாத்து இப்பத்தான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். நான் கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறேன்."